ஏழு வாளித் தண்ணீர்

ஈரம் படக் கூடாத ஒரு பொருளைப் பத்திரப்படுத்த, காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே இருக்கிற ஸ்ரீரங்கத்துக்குக் கொண்டுவந்தவர் எங்கள் அப்பா. அதுவும் ஐப்பசி மாதத்தில்.

அவரையும் குறை சொல்ல முடியாது. திருச்சிக்கு வெளியே ஒரு தொழிற்சாலையில், கழிவுநீரைச் சுத்தம் செய்யும் பிரிவில் அவருக்கு வேலை. அங்கே ஸ்டோர் ரூம் கூரை ஒழுகியது. எழுதிக் கொடுத்தும் யாரும் வந்து பார்க்கவில்லை. பிரித்த மூட்டை ஒன்று நனைந்து வீணாகிவிடுமே என்ற கவலையில், யாரிடமும் சொல்லாமல் அதற்குத் தன் மழைக்கோட்டைப் போர்த்தி, தான் நனைந்துகொண்டே ஸ்கூட்டரில் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார். மழை விட்டதும் சத்தமில்லாமல் திருப்பி வைத்துவிடுவதாக ஏற்பாடு.

அதற்குப் பெயர் பாலிமர் என்றார். வெள்ளை வெளேரென்று ரவை மாதிரி இருந்தது. அழுக்குத் தண்ணீரில் கொஞ்சம் கரைத்து விட்டால் அழுக்கெல்லாம் திரண்டு அடியில் போய் உட்கார்ந்துவிடுமாம். மூட்டைக்குள் ஆங்கிலத்தில் ஒரு தாள் இருந்தது. அதை அப்பாவுக்குப் படித்துச் சொன்னவள் அத்தை. அப்பாவின் கடைசித் தங்கை, பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி முடித்துவிட்டு வீட்டில் இருந்தாள். மேலே படிக்க வேண்டும் என்று அவள் சொல்லும்போதெல்லாம், போகிற இடத்தில் படிக்க வைத்தால் படி என்று அப்பா சொல்லுவார். போகிற இடத்தைத்தான் ஊரெல்லாம் தேடிக்கொண்டிருந்தார்கள்.

அத்தை வரி வரியாகப் படித்தாள். தரையில் வைக்காமல் பலகை மேல் வைக்க வேண்டும். வாயை இறுகக் கட்ட வேண்டும். தூசி பறந்தால் மூக்கை மூடிக்கொள்ள வேண்டும். பெயர் எழுதாத டப்பாவில் மாற்றக் கூடாது. கடைசி வரியை மட்டும் என்னைப் பார்த்துத் திருப்பிச் சொன்னாள்: "சிந்திடுச்சுன்னா தண்ணி ஊத்திக் கழுவக் கூடாது. கழுவக் கழுவ வழுக்கும். காய்ஞ்ச தொடப்பத்தால கூட்டி அள்ளணும்."

எனக்குப் புரியவில்லை. எங்கள் வீட்டில் எது சிந்தினாலும் தண்ணீர் ஊற்றிக் கழுவுவதுதான் வழக்கம். ஆனாலும் படித்தவள் சொல்கிறாளே என்று தலையாட்டினேன். அப்பா மூட்டையை மாடிப்படிக்கு அடியில் ஒரு பலகை மேல் ஏற்றி வைத்தார்.

அடுத்த வெள்ளிக்கிழமை ஜீயபுரத்திலிருந்து அத்தையைப் பெண் பார்க்க வருவதாக இருந்தது. வாழைத் தோப்பும் நெல் வயலும் உள்ள குடும்பம், ஒரே பையன், தட்டிப்போனால் இப்படி இன்னொன்று அமையாது என்று வீட்டில் எல்லோரும் மாற்றி மாற்றிச் சொன்னார்கள். அத்தை தன் கெமிஸ்ட்ரி புத்தகங்களுக்குப் புது அட்டை போட்டுக்கொண்டிருந்தாள். பத்தரை மணிக்கு ராகுகாலம் பிறந்துவிடும் என்பதால், பத்து மணிக்குள் வாசல் ஏறிவிட வேண்டும் என்று பேச்சு. நான் பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டதை அன்று யாரும் கண்டுகொள்ளவில்லை.

அம்மா விடிந்ததிலிருந்து வீட்டைத் துடைத்துக்கொண்டிருந்தாள். பஜ்ஜி போடுகிற அடுப்பை வைக்க மூட்டையின் பலகை போய்விட்டது. பாலிமர் மூட்டை தரைக்கு இறங்கி, கோலமாவு மூட்டைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தது. மேலே அச்சடித்த எழுத்துத் தெரிந்தால் குடோன் மாதிரி இருக்கும் என்று அதைச் சுவர்ப்பக்கமாகத் திருப்பியும் வைத்தாள். அதற்குள் காலையில் போட்ட கோலத்தின் மேல் தண்ணீர் கேன்காரர் வண்டியை ஏற்றிவிட்டார். அம்மா என் கையில் காலி டப்பாவைக் கொடுத்து, படிக்கு அடியில் இருக்கிற வெள்ளை மூட்டையிலிருந்து மாவு கொண்டுவரச் சொன்னாள்.

கைக்கு எட்டிய மூட்டையில் அள்ளினேன். வழக்கத்தைவிட லேசாக இருக்கிறதே என்று ஒரு நொடி தோன்றியது. நல்ல நாளைக்கு நல்ல மாவு வாங்கியிருப்பார்கள் என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

அம்மா தண்ணீர் தெளித்து, பதினைந்து புள்ளிக் கோலம் போட்டாள். முடிக்கும்போதே முதலில் இழுத்த கோடுகள் பருக்க ஆரம்பித்துவிட்டன. கொஞ்ச நேரத்தில் வாசல் முழுக்க வெந்த ஜவ்வரிசி மாதிரி பளபளவென்று ஊதிக்கொண்டு நின்றது. கடைக்காரன் கலப்பட மாவைக் கட்டிவிட்டான் என்று அம்மா அவனை வைதாள். பிறகு ஒரு வாளித் தண்ணீரைக் கொண்டுவந்து ஊற்றி, துடைப்பத்தால் தேய்த்தாள். இரண்டாவது இழுப்பில் கால் வழுக்கிப் பொத்தென்று உட்கார்ந்தாள்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. நான் அள்ளியது கோலமாவு இல்லை, அப்பாவின் பாலிமர். வாயைத் திறந்தால் டப்பாவை நிரப்பியது நான் என்று தெரிந்துவிடும். அப்பா மாப்பிள்ளை வீட்டாரை அழைத்துவரச் சத்திரம் பேருந்து நிலையத்துக்குப் போயிருந்தார். எதிர்வீட்டு மாமி ஒரு குடம் ஊற்றினாள். வழுவழுப்பு வாசல்படி வரைக்கும் பரவியது.

அப்போதுதான் பட்டுப்புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அத்தை வந்தாள். படியோரமாகக் குனிந்து, அந்தக் கூழை விரலால் தொட்டுத் தேய்த்துப் பார்த்தாள். என்னை ஒரு பார்வை பார்த்தாள். சரி, துடைப்பத்தைக் கீழே போடச் சொல்லப் போகிறாள் என்று எனக்கு உயிர் வந்தது. அவள் அம்மாவை உள்ளே போய் வேறு புடவை மாற்றச் சொன்னாள். பிறகு கொல்லைப்பக்கம் போய் அடிபம்பில் வாளியை வைத்தாள்.

பின்னாலேயே ஓடினேன். "அத்தை, தண்ணி ஊத்தக் கூடாதுன்னு நீங்கதானே படிச்சீங்க?"

"நீ இந்த வாளியப் பிடி," என்றாள்.

பிடித்தேன். ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டே வந்தேன். அத்தை மட்டும் ஏழு வாளி ஊற்றினாள். ஒவ்வொரு தடவையும் சுவரைப் பிடித்துக்கொண்டு, கூழ் படாத ஓரமாகவே நடந்தாள்.

ஆட்டோ வந்து நின்றபோது மணி பத்து. மாப்பிள்ளையின் பெரியப்பா முதலில் இறங்கி ஒரு காலை வைத்தார். அந்தக் கால் அவர் சொல்படி கேட்கவில்லை. அப்பா பின்னாலிருந்து கட்டிப் பிடித்திராவிட்டால் விழுந்திருப்பார். அப்பா வாசலைப் பார்த்தார். அவருக்கு ஒரு நொடியில் எல்லாம் விளங்கிவிட்டது, முகத்திலேயே தெரிந்தது. ஆனால் இது இன்னது என்று சொன்னால், தொழிற்சாலைப் பொருள் வீட்டுக்கு எப்படி வந்தது என்ற கேள்வி வரும். அதனால் பாவம், மழைக்குப் பாசி பிடித்துவிட்டது என்று சொல்லிவிட்டுப் பக்கத்து மனையிலிருந்து மணலை அள்ளிக்கொண்டுவரப் போனார்.

அவர்கள் எதிரே தையல் கடை நிழலில் நின்றார்கள். அப்பா வேர்க்க விறுவிறுக்க மணல் கொட்டி, மண்வெட்டியால் வழித்து வழித்துச் சாக்கில் அள்ளினார். பின்கட்டு வழியாக வரலாமே என்று அம்மா கெஞ்சினாள். பெண் பார்க்க வந்தவர்கள் பின்வாசலில் நுழைவதா? கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்த பெரியப்பா, பத்தரை ஆனதும் வேட்டியை மடித்துக் கட்டினார்.

"வாசலே கூப்பிடலைங்க. நாங்க போயிட்டு வரோம்," என்றார்.

வரவில்லை.

மூட்டையின் மிச்சத்தை அப்பா மறுநாளே திருப்பிக் கொண்டுபோய் வைத்துவிட்டார். வந்தவர்கள் திரும்பிப் போன அன்று மத்தியானம் மட்டும், எல்லாவற்றையும் படித்துச் சொன்ன நீயே தண்ணீர் ஊற்றலாமா என்று அத்தையைக் கேட்டார். கோபமாகக்கூட இல்லை, புரியாமல்தான் கேட்டார்.

"பதட்டத்துல மறந்துட்டேண்ணா," என்றாள் அத்தை.

அது பொய் என்று அந்த வீட்டில் எனக்கு மட்டும் தெரியும். ஆனால் எதற்காகப் பொய் சொல்கிறாள் என்று தெரியவில்லை. நான் மாட்டிக்கொள்ளக் கூடாது என்றுதான் பழியைத் தன் மேல் போட்டுக்கொள்கிறாள் என்று நினைத்தேன். என் ஒரு டப்பா மாவினால் அத்தையின் கல்யாணமே போய்விட்டது என்று படிக்கு அடியில் உட்கார்ந்து அழுதேன். வந்தவர்களுக்காகக் கிண்டிய கேசரி அண்டா நிறைய அப்படியே இருந்தது. அம்மா சாப்பிடவில்லை, அப்பா சாப்பிடவில்லை. ரவையும் அந்த மூட்டையிலிருந்தே வந்திருக்குமோ என்ற பயத்தில் நானும் தொடவில்லை. அத்தை என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து ஒரு தட்டு சாப்பிட்டாள். பிறகு எழுந்துபோய் இன்னொரு தட்டு போட்டுக்கொண்டு வந்தாள்.

அதற்கப்புறம் வேறு இடம் எதுவும் அமையாததால், சும்மா இருப்பதற்குப் படிக்கட்டும் என்று அப்பா சம்மதித்துவிட்டார். அடுத்த ஆனியில் அவள் எம்.எஸ்ஸி. சேரப் போன அன்று, பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு கடைசியாக ஒரு முறை மன்னிப்புக் கேட்டேன். என்னால்தானே அத்தை உங்களுக்கு இப்படி ஆயிற்று என்றேன். அத்தை சேர்க்கைப் படிவம் கசங்காமல் அதை மடியில் நீவிக்கொண்டே, ஆமாம் உன்னால்தான் என்று சொல்லி என் கன்னத்தில் முத்தம் கொடுத்தாள். தப்பு செய்த எனக்கு எதற்கு முத்தம் என்று காவிரிப் பாலம் தாண்டும் வரை யோசித்துக்கொண்டே போனேன்.