உர்ஹோ கோத்த பூட்ஸ் சங்கிலி

உர்ஹோ கெட்டுனன் தெருமுனை திரும்புமுன்பே அவன் வருவது ஊருக்குத் தெரிந்துவிடும். எங்கள் ஊர் கல்லியோவில் ஆண் பெண் எல்லோருக்கும் குளிர்காலத்தில் ஒரே மாதிரி பூட்ஸ்தான். தோல் செருப்புக்கு மேலேயே மாட்டிக்கொள்ளும் கறுப்பு ரப்பர் பூட்ஸ், முன்பக்கம் நாலு இரும்பு பக்கிள். மற்றவர்கள் நாலையும் பூட்டுவார்கள். உர்ஹோ அடியில் ஒன்றை மட்டும் பூட்டிவிட்டு மேலே மூன்றைத் திறந்தபடி விட்டுவிடுவான். நடக்கும்போது கிலுங் கிலுங் என்று சத்தம் வரும். குதிரைவண்டி என்று நினைத்து ஜன்னலுக்கு வந்த பெண்கள் இவனைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போவார்கள்.

"உள்ள பனி போகுதுடா, பூட்டித் தொலையேன்" என்று யாராவது சொன்னால், "போகட்டுமே, குடித்தனம் நடத்தவா போகுது? வீட்டுக்குப் போனா தன்னால கரைஞ்சிடும்" என்பான்.

செப்புச் சுரங்கத்தில் கல் நிரம்பிய வண்டியைத் தள்ளுவது அவன் வேலை. நிலத்துக்கு அடியில் ஒரு வண்டிக்கு இரண்டு பேர். கூடத் தள்ளுகிறவன் வைனோ. உர்ஹோ பேசிக்கொண்டே தள்ளுவான், வைனோ சிரித்துக்கொண்டே தள்ளுவான். ஒருமுறை மேஸ்திரியின் சாப்பாட்டு டப்பாவிலிருந்த இறைச்சி அப்பத்தை எடுத்துவிட்டு, அதே வடிவத்தில் செதுக்கிய மரக்கட்டையை வைத்தான் உர்ஹோ. மேஸ்திரி இருட்டில் அதைக் கடித்தார். அதற்குப் பிறகு அந்தச் சுரங்கத்தில் யாரும் சாப்பாட்டை விளக்கில் பார்க்காமல் வாயில் வைப்பதில்லை.

இப்படிப்பட்டவனைக் கட்டிக்கொண்டவள் சைமி. ரொட்டிக் கடையில் மாவு பிசைந்துகொண்டிருந்தவள். கைக்கு இருக்கும் பலம் வாய்க்கும் உண்டு. இரண்டு குளிர்காலத்துக்கு முன்னால் அவர்களுக்கு ஒரு பிள்ளை பிறந்தது. அன்றைக்குப் பனிப்புயல். மருத்துவச்சி ஹுல்டா வந்து சேர்வதற்குள் பிள்ளையின் மூச்சு நின்றுவிட்டிருந்தது. அதைப் பற்றி மட்டும் உர்ஹோ எவரிடமும் வேடிக்கையாகப் பேசியதில்லை.

அந்த ஜனவரியில் சைமி மறுபடியும் நிறைமாதமாக இருந்தாள். அதே மாதத்தில் வைனோவுக்குக் கல்யாணம்.

வெள்ளிக்கிழமை வந்து வயிற்றைப் பார்த்த ஹுல்டா, இன்னும் இரண்டு வாரமாவது ஆகும் என்று சொல்லிவிட்டுப் போனாள். ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்து மண்டபத்துக்குக் கிளம்ப உர்ஹோ தயங்கினான். சைமி விடவில்லை.

"மாப்பிள்ளைத் தோழன் நீ, போகாம இருப்பியா? ஒரு வாரமா நாற்காலிய நகர்த்தினாக்கூட பிரசவம்னு ஓடி வர்ற. எனக்குக் கொஞ்ச நேரம் நிம்மதியா இருக்கணும், கிளம்பு."

"வலி வந்தா?"

"சவுனாவை மூட்டிடறேன். ஞாயித்துக்கிழமை புகை வந்தா ஊருக்கே புரியும். உனக்குப் புரியாதா?"

எங்கள் ஊரில் ஒவ்வொரு வீட்டுக்குப் பின்னாலும் சவுனா உண்டு. கல்லைச் சூடாக்கித் தண்ணீர் ஊற்றி ஆவியில் குளிக்கிற மரக்குடில். சனிக்கிழமை தவறாமல் எல்லாப் புகைபோக்கியும் புகையும். வேறு நாளில் புகைந்தால் அந்த வீட்டில் பிறப்பு, இல்லையென்றால் இறப்பு. ஊரில் நாங்கள் எல்லோரும் பிறந்தது அங்கேதான்.

மண்டபம் மேட்டின் மேல் இருந்தது. விருந்தாளிகள் நுழைவறையில் பூட்ஸைக் கழற்றி, தோல் செருப்போடு உள்ளே போய் ஆடத் தொடங்கினார்கள். அத்தனையும் ஒரே பூட்ஸ் என்பதால், இடது காலையும் வலது காலையும் மேல் பக்கிளால் ஒன்றோடொன்று பூட்டி வைப்பது வழக்கம். அதிலிருந்துதான் கல்யாண விளையாட்டு பிறந்திருக்க வேண்டும். எல்லோரும் ஆடிக்கொண்டிருக்கும்போது மாப்பிள்ளைத் தோழன் நழுவி வந்து, எல்லா ஜோடிகளையும் ஒன்றோடொன்று பூட்டிச் சங்கிலி ஆக்கிவிடுவான். சாப்பாடு முடிந்ததும் மாப்பிள்ளை தனி ஆளாக அதை அவிழ்த்து, பெண்ணின் பூட்ஸைக் கண்டுபிடித்து அவள் காலில் மாட்ட வேண்டும். அதுவரை ஒருவரும் வீட்டுக்குப் போக முடியாது.

காப்பி குடிக்கும்போது ஹுல்டா எல்லோர் முன்னிலையிலும் உர்ஹோவைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்பனாகப் போற. இன்னும் பக்கிள் பூட்டத் தெரியல. நீ பொறந்தப்ப தலைகீழாப் பிடிச்சு முதுகுல ரெண்டு தட்டினேனே, அன்னிக்கே நாலா தட்டியிருக்கணும்."

"அத்தை, நீங்க தட்டினதுல கலங்கின மூளைதான் இன்னும் தெளியல."

மண்டபமே சிரித்தது. உர்ஹோ நுழைவறைக்கு நழுவினான்.

அன்று அவன் கோத்த சங்கிலி படியிலிருந்து தொடங்கி, பெஞ்சைச் சுற்றி, கோட்டு மாட்டும் கம்பிமேல் ஏறி இறங்கிற்று. தன் பூட்ஸை மட்டும் அதில் சேர்க்காமல் காலில் மாட்டிக்கொண்டான். நீலக் கம்பளி நூல் கட்டிய ஹுல்டாவின் ஜோடியை நட்டநடுவில், பாதிரியாரின் ஜோடிக்குப் பக்கத்தில் பூட்டினான். பார்த்தான். திருப்தி வரவில்லை. மூலையில் தண்ணீர் வாளி இருந்தது. கரண்டியால் மொண்டு பக்கிள் பக்கிளாக ஊற்றிக்கொண்டே போனான். அடுப்பில்லாத அறை; அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே தண்ணீர் கண்ணாடியானது. வைனோ படப்போகும் பாட்டை நினைத்துச் சிரித்தபடி, மிச்சத் தண்ணீரைக் கொட்ட வெளிக்கதவைத் திறந்தான்.

கீழே வரிசையாக வீடுகள், எல்லாம் பனிக்குள். புகை ஒரே ஒரு சவுனாவிலிருந்து நேராக மேலே போய்க்கொண்டிருந்தது. அவனுடையது.

வாளியைப் போட்டுவிட்டு உள்ளே ஓடினான்.

"ஹுல்டா அத்தை! சைமிக்கு வலி வந்துடுச்சு!"

அக்கார்டியன் வாசிப்பு நிற்கவில்லை. வைனோ பெண்ணோடு சுற்றிக்கொண்டே, "நல்லா நடிக்கறாண்டா! போன கல்யாணத்துல பாதிரியார் மாடு கோயிலுக்குள்ள புகுந்துடுச்சுன்னு எல்லாரையும் ஓட வச்சான், ஞாபகம் இருக்கா?" என்றான்.

"வைனோ, நிஜமாடா!"

"அன்னிக்கும் நிஜமாத்தான்னு சொன்ன."

ஹுல்டா கேக்கிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. உர்ஹோ அவள் கையைப் பிடித்து ஜன்னலுக்கு இழுத்துக்கொண்டு போனான். கண்ணாடி முழுக்க உறைபனி. உள்ளங்கையை அப்படியே அதன்மேல் அழுத்தினான். கை அளவுக்குப் பனி கரைந்து வழி விட்டது. ஹுல்டா குனிந்து பார்த்தாள். தட்டைக் கீழே வைத்தாள்.

"பாட்டை நிறுத்துங்க. இன்னிக்கு ஞாயித்துக்கிழமை, அங்க புகையுது" என்றாள். பிறகு உர்ஹோவிடம், "என் பை மேசைக்கு அடியில இருக்கு. பூட்ஸ் எங்கடா?"

உர்ஹோ நுழைவறைக் கதவைக் கையால் காட்டினான்.

நுழைவறையில் கூட்டம் நெருக்கியடித்தது. வைனோ ஒரு பக்கிளைப் பிடித்து நெம்பினான். அசையவில்லை. மறுபடி நெம்பினான். விரல் இரும்பில் ஒட்டிக்கொண்டு தோலோடு வந்தது.

"தண்ணி ஊத்தினியாடா பாவி?"

"ஒரே ஒரு கரண்டி."

"ஒரு கரண்டிக்கா இப்படி?"

"ஒரு வாளி."

ஹுல்டா கல்யாணத்துக்குப் போட்டு வந்த தோல் செருப்பைப் பார்த்துக்கொண்டாள். மேட்டுப் பாதையில் முழங்காலளவு பனி. "இந்தச் செருப்போட பத்து அடி போனா கால் மரத்துடும். மரத்த காலோட கீழ போய், பிரசவம் பாக்கறதா, எனக்கு வைத்தியம் பாத்துக்கறதா?"

"நான் தூக்கிட்டுப் போறேன் அத்தை."

"என்னையா? நீங்க தள்ற செம்பு வண்டிக்கு ரெண்டு ஆள். எனக்கு நாலு ஆள் வேணும். சரிவுல என்னைப் போட்டேன்னு வை, ஏரியிலதான் நிப்பேன். வெந்நீர் கொண்டா, போ."

வெந்நீர் இல்லை. அடுப்பு முழுக்கக் காப்பிப் பானைகள்தான். அவற்றின் முன்னால் கரண்டியோடு நின்றவள் பெண்ணின் அம்மா ஃபீனா. கல்யாணத்துக்கென்று மாதக்கணக்கில் சேர்த்து வைத்த, சிக்கரி கலக்காத அசல் காப்பி.

"காப்பியையா! பூட்ஸ்லயா!" ஃபீனா இரண்டு கையையும் விரித்து அடுப்பை மறைத்தாள். "பாதிப் பேர் இன்னும் ரெண்டாவது கப்பே குடிக்கல. என் வீட்டுக் கல்யாணத்துல ஒரே கப்போட அனுப்பினாங்கன்னு ஊர் பேசணுமா?"

ஹுல்டா நிதானமாகச் சொன்னாள்: "ஃபீனா, உன் பொண்ணும் ஒருநாள் சவுனாவை மூட்டுவா. அன்னிக்கு நான் காப்பி குடிச்சிட்டு மெதுவா வரட்டுமா?"

ஃபீனா விரித்த கைகளை இறக்கினாள். அப்புறம் யாரையும் தொடவிடாமல் தானே முதல் பானையைத் தூக்கிக்கொண்டு நுழைவறைக்கு ஓடினாள். "தள்ளுங்க, சூடு!"

முதல் பானைக்கு ஹுல்டாவின் இரண்டு பூட்ஸுக்கும் நடுவிலிருந்த பூட்டு விட்டது. அன்று விருந்தில்கூட வராத அளவுக்குக் காப்பி வாசனை அந்த அறையில் வந்தது. இரண்டாவது பானைக்கு இடது கால் சங்கிலியிலிருந்து பிரிந்தது. மூன்றாவதுதான் கடைசி. அதை வைனோ வாங்கினான். பாவம், மணமகன் பதற்றம். கடமை தனக்குத்தான் என்ற நினைப்பு வேறு. வலது காலுக்குப் பக்கத்துப் பூட்டை விட்டுவிட்டு, சற்றுத் தள்ளி வேறொரு பூட்டில் பானை முழுவதையும் கவிழ்த்தான்.

பக்கிள் டக்கென்று திறந்தது. ஹுல்டாவின் வலது காலோடு பாதிரியாரின் ஜோடியும், ஃபீனாவின் ஜோடியும், யாருடையதோ ஒற்றை ஒன்றும் வாலாகத் தொங்கின.

"கத்தி எடு, வெட்டிடலாம்" என்றான் வைனோ.

"பாதிரியார் பூட்ஸையா வெட்டுவ?" என்றாள் ஃபீனா. அதற்கு அடுத்தது தன்னுடையது என்பதை அவள் சொல்லவில்லை.

"உங்க வழக்கைப் பொறுமையா பேசுங்க" என்று ஹுல்டா காலை உள்ளே நுழைத்து, கட்டிக்கொள்ளக் கூடிய பக்கிள்களைக் கட்டிக்கொண்டாள். "உர்ஹோ, வாலைத் தூக்கு. அதுக்கு முன்னால உன் பக்கிளைப் பூட்டு. நீ விழுந்தா நானும் சேர்ந்து விழுவேன்."

உர்ஹோ குனிந்து நாலையும் பூட்டினான்.

அந்த ஊர்வலத்தை மண்டப ஜன்னல்களில் கைகளை அழுத்தி எல்லோரும் பார்த்தார்கள். முன்னால் பையோடு ஹுல்டா, பனியைப் பிளந்துகொண்டு. பின்னால் மணப்பெண்ணின் நீள அங்கியைத் தாங்குவதுபோல ஐந்து பூட்ஸை இரண்டு கையிலும் ஏந்தியபடி உர்ஹோ. அவள் காலை எடுத்து வைக்கும்போதெல்லாம் அவனும் ஒரு தாவு தாவ வேண்டியிருந்தது. மண்டபத்தில் சிரிக்காதவர் இல்லை. உர்ஹோ மட்டும் சிரிக்கவில்லை. புகையைப் பார்த்துக்கொண்டே தாவினான்.

சவுனா வாசலில் சைமி கதவு நிலையைப் பிடித்தபடி மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள்.

"மருத்துவச்சியக் கூட்டிட்டு வாடான்னா, பூட்ஸ் கடையையே கூட்டிட்டு வர்ற" என்றாள். அடுத்த வலி வந்து பேச்சை நிறுத்தியது.

ஹுல்டா பூட்ஸை முன்னறையிலேயே உதறிவிட்டு அவளை உள்ளே அழைத்துப்போய்க் கதவைச் சாத்தினாள். உர்ஹோ வாலைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தான். கதவுக்கு அந்தப் பக்கம் சைமியின் குரல், ஹுல்டாவின் குரல். பிறகு எந்தக் குரலும் இல்லை. இரண்டு குளிர்காலத்துக்கு முன்பு இதே இடத்தில் இதே அமைதியை அவன் கேட்டிருக்கிறான். கையிலிருந்த ரப்பரை இறுக்கிக்கொண்டான்.

இரண்டு தட்டு தட்டும் சத்தம் கேட்டது. அப்புறம் ஒரு அழுகை, கோபமான, உரத்த அழுகை.

கதவு திறந்தது. ஹுல்டாவின் முகம் வியர்த்திருந்தது. "பொண்ணு. கழுத்தைச் சுத்திக் கொடி இருந்தது. எடுத்துட்டேன். நல்லா இருக்கா, ரெண்டு பேரும். இன்னும் ஒரு பானை காப்பிக்குக் காத்திருந்தோம்னா..." அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "கையை அடுப்புல காட்டிட்டு வா. அந்தக் கையோட பிள்ளையத் தொட்டே, கொன்னுடுவேன்."

உர்ஹோ கையைச் சூடாக்கிக்கொண்டு பிள்ளையை வாங்கினான். ஏதாவது சொல்வான் என்று சைமி காத்திருந்தாள். அவன் மூக்கை உறிஞ்சினான், அவ்வளவுதான்.

சவுனாச் சூட்டில் மிச்சப் பக்கிள்கள் தாமாகவே விட்டிருந்தன. ஹுல்டா அந்த ஐந்து பூட்ஸையும் அவன் தோளில் போட்டு, "இதெல்லாம் வீடு வீடாப் போய்க் கொடுத்துட்டு, என்ன திட்டினாலும் நின்னு வாங்கிட்டு வா" என்று அனுப்பினாள்.

அவன் வாங்கினான். பாதிரியார் யாருடைய பூட்ஸையோ இரவல் வாங்கி, விரல் மடங்கி நொண்டிக்கொண்டு வீடு போயிருந்தார். முதலில் தண்ணீர் வாளியைப் பற்றி ஒரு சிறு பிரசங்கம், பிறகு பெண் பிறந்ததற்கு ஒரு ஜெபம். கடைசியாக ஃபீனா வீடு. காப்பி, கல்யாணம், ஊர்ப் பேச்சு, உர்ஹோவின் அப்பன், அப்பனின் அப்பன் என்று எல்லாவற்றையும் ஒரு சுற்று திட்டி முடித்துவிட்டுத்தான் மூச்சு விட்டாள்.

"பிள்ளை எப்படி இருக்கு? பெருசா?"

உர்ஹோ அவள் பூட்ஸ் ஒன்றைத் தூக்கிப் பிடித்தான். "இதுக்குள்ள கழுத்து வரைக்கும் நுழைஞ்சிடுவா."

ஃபீனா பூட்ஸை வெடுக்கென்று பிடுங்கி உள்ளே எட்டிப் பார்த்தாள். "நுழைச்சுப் பாத்தியாடா?"

உர்ஹோ கொஞ்சம் யோசித்தான்.

"சைமி விடல" என்றான்.