போலீஸ் வந்து தொடங்கிவைத்த திறந்த இல்ல உபசரிப்பு

இன்று காலை தோர்ன்லி கடைத்தெருவில் யாரைச் சந்தித்தேன் தெரியுமா? கோகிலவாணி அக்காவை! ஒரு கையில் வாழையிலைக் கட்டு, இன்னொரு கையில் கறிவேப்பிலைப் பை. வரும் சனிக்கிழமை அவர் வீட்டில் தீபாவளி உபசரிப்பு. பெர்த் நகரத்து மலேசியக்காரர்கள் பாதிப் பேருக்கு அந்த வீட்டுக்கு வழி தெரியும். ஆனால் அங்கே முதன்முதலாகச் சாப்பிட வந்தவர் யார் என்பது பலருக்குத் தெரியாது. கேட்டதிலிருந்து எனக்கு மனசு நிறைந்து கிடக்கிறது, அதனால் எழுதிவிடுகிறேன்.

மலேசியாவில், தெலுக் இந்தானில் கோகிலவாணி பாலர் பள்ளி ஆசிரியையாக இருந்தவர். தெருவில் நடந்தால் நாலு வீட்டு வாசலிலிருந்தாவது "டீச்சர், பசியாறியாச்சா?" என்று குரல் வரும். கணவர் குணாளனுக்குப் பெர்த்தில் சுரங்க இயந்திரம் பழுதுபார்க்கும் வேலை கிடைத்ததும் இருவரும் இங்கே வந்தார்கள். கோகிலவாணிக்கு ஒரு முதியோர் இல்லத்துச் சமையலறையில் உருளைக்கிழங்கு மசிக்கும் வேலை அமைந்தது.

ஊர் நல்ல ஊர்தான். எதிரில் வருகிற எல்லோரும் சிரித்தார்கள், வணக்கம் சொன்னார்கள். ஆனால் ஒருவரும் வீட்டுக்குள் வரவில்லை. குளிர்காலம் முழுக்க வரவில்லை. சோறு வடிக்கும்போது அக்காவுக்குக் கை தானாக இரண்டு பேருக்கு மட்டும் அரிசி அளக்கப் பழகிவிட்டது. அதுதான் அவரைப் பயமுறுத்தியது.

தீபாவளி நெருங்கும்போது பழைய பள்ளியிலிருந்து தலைமையாசிரியை கூப்பிட்டார். "ஒங்க எடம் இன்னும் காலியாத்தான் இருக்கு, டீச்சர். திங்கக்கெழமக்குள்ள வரேன், வரலன்னு ஒரு வார்த்த சொல்லிடுங்க."

அன்று இரவுச் சாப்பாட்டில் கோகிலவாணி கணவரிடம் சொன்னார்: "ஏங்க, சனிக்கெழம திறந்த இல்லம் வைக்கிறேன். ஒரே ஒரு ஆளு வந்து கை நனைக்கட்டும், இருக்கேன். யாரும் வரலன்னா நான் கெளம்பிடறேன். நீங்க லீவுல வந்து பாத்துட்டுப் போங்க."

"என்னா வாணி, பந்தயம் கட்டுற மாதிரி பேசற?" என்று குணாளன் சிரிக்கப் பார்த்தார். மனைவியின் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.

மலேசியாவில் பண்டிகை யாருடையதாக இருந்தாலும் வீட்டுக் கதவைத் திறந்துவைத்தால் போதும். மலாய்க்காரர், சீனர், தமிழர், தபால்காரர், அவருடைய மச்சான் என்று வந்துகொண்டே இருப்பார்கள். தேதி சொல்வதுண்டு, நேரம் யாரும் சொல்வதில்லை. அதே பழக்கத்தில் கோகிலவாணி வேலையிடத்தில் எல்லோரிடமும், "சனிக்கெழம வீட்டுக்கு வாங்க, எப்ப வேணும்னாலும் வாங்க" என்றார். "அடடா, எவ்வளவு நல்ல மனசு!" என்று எல்லோரும் மகிழ்ந்தார்கள். ஒருவர்கூட முகவரி கேட்கவில்லை. அது அவருக்கு உறைக்கவும் இல்லை. பக்கத்து வீடுகளில் சொல்லவேண்டும் என்றும் தோன்றவில்லை. திறந்த கதவைப் பார்த்தால் அவர்களுக்கே தெரியாதா?

சனிக்கிழமை வந்தது. விடிந்ததும் கதவை அகலத் திறந்து, அது சாத்திக்கொள்ளாமல் ஒரு கல்லை முட்டுக்கொடுத்தார். நெய்ச்சோறு, ஆட்டிறைச்சிப் பிரட்டல், தேங்காய்ப்பாலில் வற்றவைத்த கோழி ரெண்டாங், தட்டுத் தட்டாக முறுக்கு. ஐம்பது பேர் தாராளமாகச் சாப்பிடலாம்.

மதியம் போனது. யாரும் வரவில்லை. ரெண்டாங்கை மூன்றாவது முறையாகச் சுடவைத்தார். புதுச் சட்டையோடு குணாளன் சோபாவிலேயே தூங்கிப்போனார். வெயில் சாய்ந்தது. பின்கட்டுச் சமையலறையில் நின்று கோகிலவாணி அழுதுகொண்டே அப்பளம் பொரித்தார்.

அப்போது வாசலில் குரல்: "உள்ள யாராவது இருக்கீங்களா?"

கண்ணைத் துடைத்துக்கொண்டு ஓடினார். வாசலில் ஒரு போலீஸ்காரர், ஒரு போலீஸ்காரம்மா. திறந்த இல்லத்துக்கு வந்தவர் எந்த உடுப்பில் வந்தால் என்ன?

"வாங்க, வாங்க! சப்பாத்த அங்கயே கழட்டிடுங்க!"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "மேடம், எல்லாம் சரியா இருக்கா?" என்றார் போலீஸ்காரம்மா.

"எல்லாம் சூடா இருக்கு. ஒக்காருங்க."

"உங்கள யாராவது மிரட்டுறாங்களா?"

"இந்த வீட்ல மிரட்டுறதே நான்தான்லா!"

சத்தம் கேட்டு விழித்த குணாளன், உடுப்பைப் பார்த்ததும் துள்ளி எழுந்தார். "சார், பாஸ்போர்ட் எடுக்கட்டுமா?"

போலீஸ்காரர் சிரிப்பை அடக்கிக்கொண்டு விவரம் சொன்னார். காலையிலிருந்து கதவு திறந்து கிடக்கிறது, உள்ளே போவாரும் இல்லை, வெளியே வருவாரும் இல்லை, ஏதோ விபரீதம் நடந்திருக்கிறது என்று பக்கத்து வீட்டிலிருந்து யாரோ போன் செய்திருக்கிறார்கள்.

கோகிலவாணியின் கரண்டி அப்படியே நின்றது. "அப்ப... நீங்க சாப்புட வரலயா?"

இதைச் சொல்லும்போது இத்தனை வருடம் கழித்தும் அக்காவின் குரல் உடைந்தது.

போலீஸ்காரம்மா அந்த முகத்தையும் மேசையையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு குனிந்து சப்பாத்துக் கயிற்றை அவிழ்க்கத் தொடங்கினார்.

"நாம வேலையில இருக்கோம்" என்று முணுமுணுத்தார் கூட வந்தவர்.

"வீட்ட உள்ள வந்து பாக்கணுமா வேணாமா? கழட்டு!"

அவர்கள் ரெண்டாங்கில் கை வைத்ததும் கோகிலவாணி நேராக வேலியோரம் போனார். பக்கத்து வீட்டு பெவ், நரைத்த தலை, தோட்டக் குழாயைப் பிடித்தபடி நின்றிருந்தார். தண்ணீர் வரவில்லை, சும்மாதான் பிடித்திருந்தார்.

"ஆன்ட்டி, நீங்கதானே போன் பண்ணீங்க? ஒரு கொரல் கொடுத்துப் பாத்திருக்கலாமே!"

"ஆன்ட்டியா? ஒனக்கு நான் எந்த வழியில அத்தை?" என்றார் பெவ். "பயந்துபோய்ட்டேன் கண்ணு. கூப்பிடாத வீட்டுக்குள்ள எப்படி நொழையறது? நீ வந்ததுலேருந்து ஒருநாளும் என்னக் கூப்பிட்டதில்லையே. இவங்களுக்கு ஆள் பிடிக்காது போலன்னு நெனச்சேன்."

கோகிலவாணிக்குத் தூக்கிவாரிப் போட்டது. எனக்கு ஆள் பிடிக்காதா?

"கதவு தெறந்திருந்தாலே எங்க ஊர்ல கூப்பிட்ட மாதிரிதான் ஆன்ட்டி."

"எங்க ஊர்ல வாயத் தெறந்தாத்தான் கூப்பிட்ட மாதிரி."

"சரி, வாயத் தெறந்துட்டேன். வாங்க!"

பெவ் குழாயைக் கீழே போட்டார். அதற்குள் போலீஸ் வண்டியைக் கண்டு தெருவே வெளியில் வந்து நின்றது. எதிர்வீட்டுத் தம்பதி, மூலைவீட்டு இத்தாலியத் தாத்தா, நாயோடு ஒரு பெண். கோகிலவாணி நடுத்தெருவில் நின்று, பள்ளி மைதானத்தில் பிள்ளைகளைக் கூப்பிடும் அதே குரலில் எல்லோரையும் கூப்பிட்டார். வாசலில் சப்பாத்துகள் குவிந்தன. பெவ் மூன்றாவது முறுக்கைக் கடித்தபடி, "பல்லு போனா நீதான் பொறுப்பு" என்றார். போலீஸ்காரர்களுக்குப் பிரட்டல் பொட்டலம் கட்டிக்கொடுத்தார் குணாளன்.

திங்கட்கிழமை காலை கோகிலவாணி தலைமையாசிரியையைக் கூப்பிட்டார். "டீச்சர், வேற ஆளப் பாத்துக்குங்க. எனக்கு இங்க வேல வந்துடுச்சு."

"என்னா வேல?"

"தெரு முழுக்க ரெண்டாங் எப்படி வைக்கறதுன்னு கேக்குதுங்க."

தயவுசெய்து இதைப் பகிருங்கள். முக்கியமாகப் பெர்த்துக்குப் புதிதாக வந்து, இரண்டு பேருக்கு மட்டும் அரிசி அளந்துகொண்டிருக்கும் யாரையாவது உங்களுக்குத் தெரிந்தால் அவர்களுக்கு அனுப்புங்கள். சனிக்கிழமை தோர்ன்லிக்குப் போய்வரச் சொல்லுங்கள். அக்கா இப்போதெல்லாம் வாயைத் திறந்தும் கூப்பிடுகிறார். உங்களையும் அழைக்கச் சொல்லி என்னிடம் இரண்டு முறை சொன்னார்.