வெள்ளிக்கிழமை வாங்கிய நிறம்

என் மகளுடைய கல்யாண ஆல்பத்தில் நான் இல்லை. அடியோடு இல்லை என்று சொல்ல முடியாது. ஒரு பக்கத்தில் என் கொண்டையும் பூவும் இருக்கின்றன. இன்னொரு பக்கத்தில் ஆரத்தித் தட்டைப் பிடித்த கை. தாலி கட்டும் படத்தில் என் வீட்டுக்காரரின் தோளுக்குப் பின்னால் என் புடவையின் ஓரம் தெரியும். முகம் மட்டும் எதிலும் கிடையாது. போட்டோக்காரர் கேமராவைத் தூக்கும்போதெல்லாம் குனிந்தேன், திரும்பினேன், யாரையாவது இழுத்து எனக்கு முன்னால் நிற்க வைத்தேன். அன்றைக்கு அதை ஒருவரும் கவனிக்கவில்லை. கண்ணில் படாமல் இருப்பதில் எனக்கு நிறைய வருஷப் பழக்கம்.

காரணம் மங்கு. இரண்டு கன்னத்திலும் மூக்குத் தண்டிலும் பழுப்பாகப் படர்ந்திருக்கிறது. மகள் வயிற்றில் இருந்தபோது வந்தது. பிரசவம் ஆனால் போய்விடும் என்றார்கள். அவளுக்கே இருபத்து நாலு வயதாகி, அவளும் இப்போது பிள்ளை பெறப் போகிறாள். மங்கு போகவில்லை. பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிற முன்பின் தெரியாத பொம்பளைகூட, "இன்னாக்கா மூஞ்சில? டாக்டர்கிட்ட காட்னியா?" என்று கேட்டுவிட்டுத்தான் இறங்குவாள்.

நான் பத்தாவது வரைக்கும் படித்தவள். வில்லியனூர் பக்கத்தில் ஒரு மாத்திரை கம்பெனியில் பேக்கிங் வேலை பார்க்கிறேன். உள்ளே போனால் தலைக்குத் தொப்பி, முகத்துக்கு மாஸ்க். பதினோரு வருஷமாக அந்த வேலையை நான் விடாமல் இருப்பதற்கு அந்த மாஸ்க்கும் ஒரு காரணம் என்று இதை எழுதும்போதுதான் தோன்றுகிறது.

ஏழாம் மாதம் வளைகாப்பு என்று தேதி குறித்தார்கள். பாகூர் பக்கம் சம்மந்தி வீட்டில், ஒரு ஞாயிற்றுக்கிழமை. தேதி குறித்த அன்றே மகள் போன் செய்தாள்.

"ம்மா, இந்த வாட்டியும் நீ ஒளிஞ்சிக்கினே இருந்தீனா நான் மணையில உக்கார மாட்டேன். இப்பவே சொல்லிட்டேன்."

"புள்ளத்தாச்சிப் பொண்ணு பேசற பேச்சாடி இது?"

"எம் புள்ள நாளைக்கு ஆயா எதுன்னு கேட்டா இன்னாத்த காட்டுறது? உன் கொண்டையவா?"

அவளே தொடர்ந்தாள். "ஒரு பவுண்டேஷன் வாங்கிப் பூசிக்கோ. மங்கு தெரியாது. வில்லியனூர்லயே கிடைக்கும். உன் கலருக்கு ஏத்த மாதிரி கேட்டு வாங்கு, அவ்ளோதான்."

அவ்வளவுதான். மூன்று வாரம் என்னைப் படுத்திய வேலையை அவள் அப்படித்தான் சொன்னாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை எனக்கு இரண்டாம் ஷிப்டு. காலையில் தலைக்குக் குளித்து, வெள்ளிக்கிழமை வழக்கப்படி முகத்துக்கும் கழுத்துக்கும் மஞ்சள் பூசிக்கொண்டு கோயிலுக்குப் போனேன். திரும்பும் வழியில் ஒரு பேன்சி ஸ்டோரை இரண்டு தடவை தாண்டிப் போனேன். மூன்றாவது தடவை உள்ளே நுழைந்தேன். கடையில் என் மகள் வயதுப் பெண் நின்றிருந்தாள்.

"இன்னா ஆன்ட்டி வேணும்?"

"ஊக்கு."

ஊக்கு கொடுத்தாள். வாங்கிக்கொண்டு அங்கேயே நின்றேன்.

"வேற?"

"மொகத்துக்குப் போடறது. பவுண்டேஷன்."

மெதுவாகத்தான் சொன்னேன். அவள் உள்ளே திரும்பி ஊருக்கே கேட்கிற மாதிரிக் கத்தினாள். "அண்ணே, பவுண்டேஷன் பெட்டிய எங்க வச்சீங்க? ஆன்ட்டி கேக்கறாங்க!" வளையல் பார்த்துக்கொண்டிருந்த இரண்டு காலேஜ் பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"யாருக்கு ஆன்ட்டி, பொண்ணுக்கா?"

"ஆமா. பொண்ணுக்கு."

அந்தப் பொய் எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை. சொன்ன பிறகு அதைத் திருப்பி வாங்க முடியவில்லை.

"பொண்ணு இன்னா கலரு?"

"என்ன மாதிரியே."

"அப்ப உங்க மூஞ்சிலயே பாத்துடலாம், வாங்க." திறந்து வைத்திருந்த பாட்டில்களில் ஒன்றை எடுத்து என் தாடையோரத்தில் ஒரு சொட்டு வைத்துத் தேய்த்தாள். சரியில்லை என்று துடைத்தாள். இன்னொன்றைத் தேய்த்தாள். அதையும் துடைத்தாள். மூன்றாவதைத் தேய்த்துவிட்டுக் கண்ணாடியைக் காட்டினாள். எங்கே தேய்த்தாள் என்று எனக்கே தெரியவில்லை. தோலோடு தோலாகப் போய்விட்டிருந்தது.

"செம மேட்ச் ஆன்ட்டி. ஆனா ஓபன் பண்ணிட்டா ரிட்டன் கிடையாது, பொண்ணுகிட்ட சொல்லிடுங்க."

அன்று மத்தியானம் கம்பெனியில் மாஸ்க்குக்குள் நான் சிரித்துக்கொண்டிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை வீட்டில் யாரும் இல்லாத நேரம் பார்த்துப் பூசிப் பார்த்தேன். மங்கு மறைந்தது உண்மைதான். ஆனால் முகம் வேறாகவும் கழுத்து வேறாகவும் இருந்தன. அதிகமாகப் பூசிவிட்டேன் போல என்று கழுவிவிட்டுக் கொஞ்சமாகப் பூசினேன். அப்போதும் அப்படியேதான். மூன்றாம் தடவை பூசிக்கொண்டிருக்கும்போது வீட்டுக்காரர் வந்துவிட்டார். அவர் லோடு வண்டி ஓட்டுகிறவர். வந்தவர் வாசற்படியிலேயே நின்று என்னைப் பார்த்தார்.

"இன்னாடி, மூஞ்சி மஞ்சளா கீது? கண்ணக் காட்டு."

"ஒண்ணுமில்ல, போங்க."

"காட்டுன்னா காட்டு." கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தார். "கண்ணு வெள்ளயாத்தான் கீது. எதுக்கும் நாளைக்கே காமாலைக்கு டெஸ்டு எடுத்துடு. கீழாநெல்லி பறிச்சிக்கினு வரட்டா?"

பவுண்டேஷன் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. இரண்டு நாள் கீழாநெல்லிச் சாறு குடித்தேன்.

கடைக்காரப் பெண் ஏமாற்றிவிட்டாள், காட்டியது ஒன்று கொடுத்தது ஒன்று என்று அந்த வாரம் முழுக்க அவளைத் திட்டிக்கொண்டிருந்தேன். அடுத்த வெள்ளிக்கிழமை குளித்து மஞ்சள் பூசி, பொட்டு வைக்கக் கண்ணாடி முன்னால் நின்றேன். பாட்டில் பக்கத்திலேயே இருந்தது. ஆத்திரத்தில் ஒரு சொட்டு எடுத்துத் தாடையில் தேய்த்தேன். அச்சு அசலாக ஒட்டிக்கொண்டது. அப்போதுதான் விளங்கியது. அந்தப் பெண் என் நிறத்துக்குப் பார்க்கவில்லை, நான் பூசியிருந்த மஞ்சளுக்குப் பார்த்திருக்கிறாள். அவளைச் சொல்லிக் குற்றமில்லை. என் முகத்தில் மஞ்சள் இருப்பது எனக்கே நினைப்பில்லை. முப்பது வருஷமாகப் பூசுகிறவளுக்கு அது பூச்சு என்று எப்படித் தோன்றும்?

வளைகாப்பு அன்றைக்கும் மஞ்சள் பூசி அதன்மேல் இதைப் பூசிக்கொண்டு போனால் என்ன என்று ஒரு யோசனை வந்தது. கம்பெனிக்கு அப்படிப் போய்ப் பார்த்தேன். பஸ்ஸில் வியர்த்து, பகலுக்குள் கழுத்து மஞ்சள் போய்விட்டது. முகம் மட்டும் மஞ்சளாக நின்றது. கடையில் மாற்றித் தர மாட்டார்கள். கேட்கவும் எனக்குத் தைரியம் இல்லை. கேட்டால், பொண்ணைக் கூட்டிக்கொண்டு வாங்க என்பாள்.

பாண்டிக்குப் பஸ் ஏறினேன், இந்த முறை வெறும் முகத்தோடு. பெரிய கடை. ஏசி, நாலு பக்கமும் கண்ணாடி, கண்ணைக் கூச வைக்கும் வெள்ளை வெளிச்சம். அந்தக் கடையில் என் மங்கு ஊரில் இருப்பதைவிட இரண்டு பங்கு தெரிந்தது. அங்கே இருந்த பெண் என்னை 'மேம்' என்று கூப்பிட்டாள். யாரோ பின்னால் நிற்கிறார்கள் என்று நான் திரும்பிப் பார்த்தேன்.

"உங்க ஷேடு இதான் மேம். ஆனா இதப் போட்டா டல்லா தெரிவீங்க. ரெண்டு ஷேடு லைட்டா போங்க. பங்ஷனுக்குத்தானே? போட்டோல சூப்பரா வரும்."

எனக்கு வெள்ளையாக வேண்டாம், என் நிறத்திலேயே கொடு என்று சொல்ல வேண்டும். இத்தனை சின்ன வாக்கியம். தொண்டை வரைக்கும் வந்தது. வெளியே வந்தது வேறு.

"கழுத்து?"

"கழுத்துக்கும் போட்டுக்கலாம் மேம்."

"கை?"

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். நான் தமாஷ் பண்ணுகிறேன் என்று நினைத்துவிட்டாள். நான் நிஜமாகத்தான் கேட்டேன். வளையல் போடப் போகிற கை அது. மகளின் கன்னத்துக்குப் பக்கத்தில் சந்தனத்தோடு நிற்கப் போகிற கை. முகம் ஒரு நிறத்திலும் கை ஒரு நிறத்திலும் இருந்தால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்?

அவள் சிரித்து முடிப்பதற்குள் நான் அந்த வெளுத்த பாட்டிலையே வாங்கிவிட்டேன். என் நிறத்துப் பாட்டில் அவள் கைக்குப் பக்கத்தில் மேஜைமேலேயே இருந்தது. விரலை நீட்டிக் காட்டியிருந்தால் போதும். திரும்பி வரும் பஸ்ஸில் ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு என்னையே திட்டிக்கொண்டு வந்தேன். நாற்பத்தேழு வயதில், பட்டப்பகலில், கேட்க வேண்டியதைக் கேட்காமல் கேட்காததை வாங்கிக்கொண்டு வருகிறவள் வேறு யாராவது இருப்பாளா?

வீட்டில் பூசிப் பார்த்தேன். கோலமாவு மூட்டையில் முகத்தை விட்டு எடுத்த மாதிரி இருந்தது. வளைகாப்புக்கு ஆறு நாள்தான் இருந்தது. வேறு வழி தெரியாமல் உள்ளங்கையில் முதலில் வாங்கிய மஞ்சள் பாட்டில் இரண்டு சொட்டும் வெள்ளைப் பாட்டில் ஒரு சொட்டும் விட்டுக் குழைத்தேன். சரியில்லை. மூன்றுக்கு ஒன்று. கொஞ்சம் கிட்டே வந்தது. தினமும் காலையில் பூசுவதும், வாசலுக்கு வந்து வெயிலில் சின்னக் கண்ணாடியைப் பிடித்துப் பார்ப்பதும், உள்ளே ஓடிக் கழுவுவதும்தான் வேலை. ஐந்தாம் நாள் கழுத்தும் முகமும் ஏறக்குறைய ஒன்றாகின. ஏறக்குறையதான். மகிழ்ச்சியெல்லாம் வரவில்லை. களைப்புதான் வந்தது.

வளைகாப்பு அன்று சம்மந்தியம்மா வாசலிலேயே பிடித்துக்கொண்டார். "இன்னா சம்மந்தி, மூஞ்சி மினுமினுன்னு கீது! ஆயா ஆவப் போறீங்களா, பொண்ணா ஆவப் போறீங்களா?" சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். கொண்டுபோயிருந்த ஏழு வகைச் சாதத்தையும் எடுத்து வைக்கிற சாக்கில் உள்ளே போய் நின்றுகொண்டேன். பந்தலிலிருந்து போட்டோக்காரர் குரல் கேட்டது. "பொண்ணோட அம்மா வாங்க!"

மணையில் மகள் உட்கார்ந்திருந்தாள். என்னையே பார்த்தாள். போய் நின்றேன். கன்னத்தில் சந்தனம் தடவினேன், வளையல் போட்டேன். காதோரம் வியர்வை இறங்கியது. துடைத்தால் பூச்சு போய்விடும் என்று துடைக்கவில்லை. "இங்க பாருங்கம்மா" என்றார் போட்டோக்காரர். பார்த்தேன். ஏழெட்டுத் தடவை கேமரா மின்னியது. ஒரு தடவைகூட நான் குனியவில்லை.

மகளை வீட்டுக்கு அழைத்து வந்து இரண்டு வாரம் கழித்து ஆல்பம் வந்தது. மாப்பிள்ளை கொண்டுவந்து கொடுத்தார். மகள் ஆசையாகப் பிரித்தாள். எல்லோரும் வெள்ளையாக இருந்தார்கள். மகள், சம்மந்தியம்மா, பந்தலுக்கு வந்த தொண்ணூறு வயதுக் கிழவி, எல்லோருக்கும் உரித்த வெங்காயம் மாதிரி ஒரே தோல். சந்தனத்துக்கும் கன்னத்துக்கும் வித்தியாசமே இல்லை.

மகள் ஒரு பக்கத்தில் நிறுத்தினாள். "ம்மா, எனக்கு வளையல் போடறது யாரு?"

"நான்தான்டி."

"நீயா?" சிரித்தாள். அப்புறம் குனிந்து உற்றுப் பார்த்தாள். சிரிப்பு நின்றுவிட்டது. "உன்ன மாதிரியே இல்லியேம்மா."

மறுநாள் லீவு போட்டுவிட்டு, யாரிடமும் சொல்லாமல் பாகூர் ஸ்டுடியோவுக்குப் போனேன். கடைக்கு வெளியே நிற்கவில்லை, ஊக்கும் கேட்கவில்லை. நேராக உள்ளே போய் ஆல்பத்தை மேஜைமேல் பிரித்துப் போட்டேன்.

"இந்தப் படம் எனக்கு இப்டி வேணாம். நான் இன்னா கலர்ல வந்து நின்னனோ அந்தக் கலர்ல குடுங்க."

போட்டோக்காரர் நிமிர்ந்து பார்த்தார். "எல்லாருக்கும் அப்டித்தாம்மா பண்றது. பண்ணலன்னாதான் சண்டைக்கு வருவாங்க."

"நீங்க பண்ணிட்டீங்கன்னுதான் நான் வந்துகிறேன்."

கம்ப்யூட்டரில் தேடி எடுத்தார். திரையில் என் முகம் பெரிதாக வந்தது. காதோரம் வியர்வை இறங்கிய இடத்தில் பூச்சு கோடு கோடாகக் கலைந்திருந்தது. மூக்குத் தண்டில் மங்கு எட்டிப் பார்த்தது. கேமராவை முறைத்துக்கொண்டிருந்தேன்.

"பாருங்க, இதுல மங்கு தெரியுது. இதையா கேக்கறீங்க?"

"கலர் அப்டியே இருக்கட்டும். மங்க மட்டும் எடுத்துடுங்களேன்."

"தனித்தனியா எடுக்க நேரமாவும்மா. ஒரே பட்டன்தான். அமுக்கினா ரெண்டும் போவும், இல்லன்னா ரெண்டும் இருக்கும்."

எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. மூன்று வாரம் அலைந்து, சொட்டுச் சொட்டாக எண்ணிக் குழைத்தவளுக்கு இவர் ஒரு பட்டனைக் காட்டுகிறார். அந்தத் திரையைத் திரும்பவும் பார்த்தேன். மணையில் இருந்து மகள் என்னை அண்ணாந்து பார்க்கிறாள். அவள் யாரைப் பார்க்கிறாள் என்பது அதில் தெரிந்தது.

"அப்டியே போட்டுக் குடுங்க" என்றேன்.

வீட்டில் மகள் அதை ஆல்பத்தில் பழைய படத்தின் மேலேயே ஒட்டினாள். எத்தனை கோந்து போட்டும் ஒரு மூலை தூக்கிக்கொண்டுதான் நிற்கிறது. அந்த இடத்தில் அடியில் இருக்கிற வெள்ளைக் கன்னம் கொஞ்சம் தெரிகிறது.