குப்பை என்று எடுத்த ரிப்பன்

நல்லது செய்வதாக நினைத்து ஒரு மனிதரை மலையில் தொலைத்தவன் நான்.

போன ஐப்பசியில், புனேயை ஒட்டிய மலையில் எங்கள் குடியிருப்புக்காரர்கள் சேர்ந்து ஓடினோம். மழை விட்டுப் புல்லெல்லாம் பொன்னாகிக்கொண்டிருந்தது. என் ஐம்பது வயதுக் கால்கள் அதைப் பார்த்து நிலைகொள்ளவில்லை. எனக்குப் பின்னால் முருகேசன் மட்டும்தான். போசரி தொழிற்பேட்டையில் லேத் ஓட்டுபவர், அவருக்கு இது முதல் ஓட்டம்.

பாதை பிரியுமிடங்களில் வழிகாட்டச் சிவப்பு ரிப்பன் கட்டியிருந்தார்கள். ஓரிடத்தில் அது அவிழ்ந்து கிடந்தது. மலையில் குப்பை ஆகாதென்று பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டேன்.

முடிவிடத்தில் ஒரு மணி நேரமாகியும் முருகேசன் வரவில்லை. சாப்பாட்டு டப்பாவோடு காத்திருந்த அவர் மனைவி மலையையே பார்த்துக்கொண்டிருந்தார். பைக்குள் கைவிட்டு ரிப்பன் தட்டுப்பட்டபோதுதான் எனக்கு உறைத்தது. யாரிடமும் காரணம் சொல்லாமல் திரும்ப மேலே ஓடினேன்.

முட்டி சிராய்த்து, முட்புதருக்குள்ளிருந்து முருகேசன் நொண்டிக்கொண்டு வந்தார். "ரிப்பனையே காணோம் சார்."

எடுத்துக் காட்டினேன். "குப்பைன்னு நினைச்சுட்டேன்."

முருகேசன் முட்டியில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டார். "நல்லாப் பெருக்குனீங்க போங்க. என்னையும் சேத்துல்ல பெருக்கிட்டீங்க. சலோ, கிளம்பலாம், அவ பயந்துருப்பா."

கீழே மனைவியிடம், "நான்தான் வழி மாறிட்டேன். சார்தான் தேடி வந்தாரு" என்றார்.

அந்த அம்மா கண் கலங்கி என்னைக் கும்பிட்டார். உண்மையைச் சொல்ல நான் வாயைத் திறந்தேன். முருகேசன் என் தோளை லேசாக அழுத்தினார். பேசாமல் நின்றுவிட்டேன்.

அன்று அவர் கும்பிட்டிருக்க வேண்டியது தன் கணவரை. அதை இப்போதுதான் சொல்லத் துணிகிறேன்.