ஸ்டான்லி அண்ணாத்தைக்குக் கேட்காத விசில்

நெம்மேலிப் பக்கம் யாருக்குக் கல்யாணம் என்றாலும், யார் செத்தாலும், முதலில் வந்து இறங்குவது ஸ்டான்லி அண்ணாத்தையின் ஸ்பீக்கர்கள்தான். சொந்தக்காரர்கள் அப்புறம். இருபத்தாறு வருடமாக அந்தப் பெட்டிகளுக்குப் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். பெட்டி அலறினால் பந்தலே அதிரும். அவர் டீயை உறிஞ்சுவார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் சர்ச் மைக் செட்டும் அவர் கையில். காசு வாங்க மாட்டார். ஆம்ப்ளிஃபையருக்குப் பின்னால் விமானம் ஓட்டுகிறவர் மாதிரி உட்காருவார். அதில் 'டிரெபிள்' என்று ஒரு குமிழ். கீச்சுக் குரலைத் தூக்கிக் கொடுப்பது அதன் வேலை. "வாய்ஸு மந்தமா கீது" என்று போன வருடத்திலிருந்து அதைத் திருகித் திருகிக் கடைசி வரை கொண்டுபோய்விட்டார். பாஸ்டர் வாயைத் திறந்தால் ஊசி மாதிரி ஒரு விசில் கிளம்பும். சபை மொத்தமும் காதைப் பொத்திக் கண்ணை மூடும்.

"பாத்தியா, ஜனங்க உருகிப் போச்சு" என்று மனைவி சாராளிடம் பெருமைப்படுவார்.

ஒலி பாடம் நடந்த வாரம் நான் வகுப்புக்கு வெளியே முட்டி போட்டிருந்தேன். ஆனாலும் இந்த விசில் எப்படி வருகிறதென்று தெரியும். ஸ்பீக்கர் விடுகிற சத்தத்தை மைக் திரும்பப் பிடித்து ஆம்ப்ளிஃபையருக்கு அனுப்பும். அது பெரிதாக்கி ஸ்பீக்கருக்குத் தரும். மைக் மறுபடி பிடிக்கும். எங்கள் குழாயடி வதந்திக்கும் இதே தொழில்நுட்பம்தான்.

அவருக்கு மட்டும் ஏன் கேட்கவில்லை என்பதையும் நான்தான் கண்டுபிடித்தேன், நல்ல எண்ணத்தில் அல்ல. கொசு மாதிரிக் கீச்சிடும் ஒரு ஆப்பைப் போனில் இறக்கி, அவர் வீட்டில் சாப்பிடும்போது முதுகுக்குப் பின்னால் ஓடவிட்டேன். எட்டாயிரம் ஹெர்ட்ஸ்; எண் ஏற ஏறக் கீச்சும் ஏறும்.

"சனியனே, அத்த நிறுத்துடா!" என்று சாராள் அக்கா கரண்டியோடு வந்தார்.

அண்ணாத்தை மீனில் முள் எடுத்துக்கொண்டிருந்தார். ஆறாயிரத்துக்கு இறக்கினேன், ஐந்தாயிரத்துக்கு இறக்கினேன். முள்தான் எடுத்தார். எனக்குச் சிரிப்பு நின்றுபோனது.

அறுப்பின் பண்டிகைக்கு முந்தைய வாரம் சபைக் கூட்டத்தில் செயலாளர் ஜாய்ஸ் டீச்சர் எழுந்தார். "ஸ்டான்லிக்குக் காது அவுட்டு. கேளம்பாக்கத்துல பிரவின்குமார்னு ஒரு தம்பி, லேப்டாப்லயே எல்லாம் பண்றான். அவனக் கூப்புடலாம்."

"எனக்கா காது கேக்கல? டீச்சர், நீங்க மருமவள திட்றது எங்க வூடு வரைக்கும் கேக்குது."

எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் அவர் கையிலிருந்த வயரைச் சுற்றிப் பிரித்து மறுபடி சுற்றிக்கொண்டிருந்தார். மைக் செட்காரனுக்குக் காது போச்சு என்று சர்ச்சே சொல்லிவிட்டால், அப்புறம் எந்தக் கல்யாண வீடு அவரைக் கூப்பிடும்?

நான் எழுந்தேன். "விசில் நான் வுட்டது. பின் பெஞ்சுல குந்திகினு, போன்ல."

யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. இத்தனை வருடம் பாடுபட்டுச் சம்பாதித்த கெட்ட பெயர், கேட்ட மாத்திரத்தில் வேலை செய்தது. "நான் அப்பவே நெனச்சேன்" என்றார் டீச்சர். அண்ணாத்தையே என் பிடரியில் ஒன்று வைத்தார். தண்டனையைப் பாஸ்டர் சொன்னார்: பண்டிகை ஆராதனை முடியும்வரை போன் அவரிடம் இருக்கும், நான் அண்ணாத்தை பக்கத்திலேயே உட்கார வேண்டும்.

பண்டிகையன்று பாஸ்டர் வாயைத் திறந்தார். விசில் கிளம்பியது. மேஜைக்கடியில் அண்ணாத்தையின் காலை உதைத்தேன்.

"இன்னாடா?"

"விசிலு."

சபையைப் பார்த்தார். எல்லோர் கையும் காதில். என் வெறுங்கையைப் பார்த்தார். "உன் போனு பாஸ்டராண்ட கீது" என்றார் மெதுவாக.

"ஆமா, அண்ணாத்த."

பிறகு குமிழைப் பிடித்து, என் முகத்தையே பார்த்தபடி இறக்கினார். நான் தலையாட்டியதும் நிறுத்தினார்.

"வெளிய சொன்ன, தோல உரிச்சுருவேன்."

விசில் ஒழிந்ததால் அன்று பிரசங்கம் ஒரு வார்த்தை விடாமல் எல்லோருக்கும் கேட்டது. ஒரு மணி பத்து நிமிடம். விசிலை ஏன்டா நிறுத்தினாய் என்பதுபோல் சபையில் பாதிப்பேர் என்னை முறைத்தார்கள்.