மீன் கழுவின தண்ணீர்

எங்கள் அப்பா டென்மார்க்கில் ஒரு பாலைவனம் செய்தார். மழை ஓயாத ஹொல்ஸ்டெப்ரோவில் ஏன் இந்த வேலை என்று அம்மாவின் சிநேகிதிகள் சிரித்தார்கள். எனக்கு அப்போது எட்டு வயது.

பன்றி இறைச்சித் தொழிற்சாலையில் வேலை செய்தபடியே, நாற்பது வயதில் பூங்கா வடிவமைப்புப் படித்தவர் அப்பா. நகரசபையான கொம்யூன் அவரைத் தற்காலிகமாக எடுத்திருந்தது. அந்தப் பக்கத்தில் முன்பு இருந்த மணல்வெளியைப் பூங்காவாக மீட்க வேண்டும். ஊதாப் பூப் பூக்கும் அந்த மண்ணின் செடிகளும் வானம்பாடியும் திரும்பி வரவேண்டும். முதலில் எங்கள் தொடர்மாடிக்குப் பின்னால் ஒரு சின்ன மாதிரித் துண்டு. அது சரிவந்தால் வேலை நிரந்தரம். இல்லாவிட்டால் மறுபடியும் பன்றிதான்.

அப்பா மேல்மண்ணை வழித்தெடுத்துவிட்டு வெறும் மணலில் செடிகளை நட்டார். வீட்டில் அவர் வேலையைப் பற்றிக் கதைப்பதில்லை. ஆனால் கவலையில் அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அம்மாவால் அதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

"அப்பாட்டைச் சொல்லிப்போடாதை. ஒரு சொட்டு உரமும் இல்லாமல் செடி வளர்க்கிறாராம்," என்று என்னையும் கூட்டிக்கொண்டு இறங்குவார். மீன் கழுவின தண்ணீர், அரிசி கழுவின தண்ணீர், கடையில் வாங்கிய கோழி எரு. யாழ்ப்பாணத்தில் அம்மா பிறந்த வீட்டு மல்லிகை இப்படித்தான் கொழுத்ததாம். அப்பா கொம்யூன் கந்தோருக்கு வேலைக்குப் போனபின் நடக்கும் இந்தத் திருப்பணியில் எனக்குப் பெரும் சந்தோசம்.

கோடை முடிவதற்குள் அங்கே முழங்கால் உயரத்துக்குப் புல். அப்பாவின் செடிகள் அதற்குள் மூச்சுமுட்டிச் செத்தன. வெறுந்தரையில் கூடு கட்டும் வானம்பாடி எட்டியும் பார்க்கவில்லை. மெலிந்த மண்ணில்தான் அந்தச் செடிகள் வாழும் என்பது எங்களுக்குத் தெரியாது. கொம்யூனிலிருந்து வந்த பெண், இந்த மணலுக்கு இவ்வளவு சத்து எங்கிருந்து வந்தது என்று அப்பாவைக் கேட்டார்.

நான் பக்கத்தில் நிற்க, அப்பா குனிந்து மணலைக் கிளறினார். உள்ளங்கையில் மீன் செதில்கள் மினுங்கின. நிமிர்ந்து எங்கள் பல்கனியைப் பார்த்தார். அம்மா அங்கே நின்று கையசைத்தார். அப்பா கையைப் பொத்திக்கொண்டு, பிழை தன்னுடையது, மேல்மண்ணைச் சரியாக வழிக்கவில்லை என்று டேனிஷில் சொன்னார்.

அத்தோடு எல்லாம் முடிந்தது. அவர் தொழிற்சாலைக்குத் திரும்பினார்; பிறகு ஒருநாளும் பூங்கா வரையப் பென்சிலைத் தொடவில்லை. அந்தத் துண்டில் இப்போது கார்கள் நிற்கின்றன. அவரிடம் வேறொரு கனவு இருக்கவில்லை.

"அவ்வளவு பச்சையா வளர்த்துக் குடுத்தும், தமிழன் எண்டுதானே வேண்டாமெண்டவங்கள்," என்று அம்மா அழுதார்.

"ஓம்," என்றார் அப்பா.

அதன்பிறகு வீட்டில் மீன் வாங்கினால் அப்பாதான் கழுவுவார். வேலையால் வந்த களைப்போடு நின்று கழுவி, தண்ணீரைச் சமையலறைக் கழுவுதொட்டியில் ஊற்றி, கடைசிச் சொட்டும் போகும்வரை பார்த்துக்கொண்டிருப்பார். இந்த வயதிலாவது மனிசனுக்கு என்மேல் இரக்கம் வந்ததே என்று அம்மா பூரித்துப்போனார். அப்போது நானும் அப்படித்தான் நினைத்தேன்.