கல்லுக்கு அடியில் பச்சைப் புல்

காலை ஏழு மணி பத்து நிமிடம். ஏரிப் பாதையில் முதலில் கண்ணில் பட்டது யானைச் சாணம். ஆவி பறந்துகொண்டிருந்தது. சைக்கிளைச் சத்தமில்லாமல் திருப்பினேன்.

எழுபதுகளின் நடுவில், சின்னக்கானலுக்குக் கீழே ஒரு தேயிலை எஸ்டேட்டில் எழுத்தராக இருந்தேன். நாங்கள் குடியிருந்த லயத்து வீட்டிலிருந்து ஆபீசுக்கு இரண்டு வழிகள். ஏரிக்கரையோடு போனால் சைக்கிளில் பத்து நிமிடம். மேட்டு ரோட்டில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போக முக்கால் மணி நேரம். ஏரிப் பாதையில் பெரும்பாலானோர் நடந்தார்கள். சிலரிடம் சைக்கிள் இருந்தது. அந்த மாதம் முதல் எஸ்டேட் மேலாளரான துரையின் விருந்தாளிகளும் குதிரையில் ஏரியைச் சுற்றத் தொடங்கியிருந்தார்கள்.

வழி பிரியும் இடத்தில் ஒரு வழக்கம் உண்டு. யானை நடமாட்டம் கண்டவர் ஒரு பிடி பச்சைப் புல்லை ஏரிப் பாதையின் நடுவே போட்டு, மேலே கல் வைக்க வேண்டும். பின்னால் வருபவர் அதைப் பார்த்து மேட்டு ரோட்டில் போய்விடுவார். அன்று எட்டு மணிக்கு என் மனைவி ஐந்து மாதக் குழந்தையோடு அந்த வழியாக ஆபீசை ஒட்டிய டிஸ்பென்சரிக்கு ஊசி போட வருவதாக இருந்தாள். பிரிவுக்குத் திரும்பி, இரண்டு பிடி புல்லும் கல்லும் வைத்துவிட்டு மேட்டு ரோட்டில் ஏறினேன்.

ஆபீஸ் வாசலில் குதிரை நின்றது. கழுத்தெல்லாம் நுரை. விருந்தாளி உள்ளே காபி குடித்துக்கொண்டிருந்தார். மலைக்குக் கீழே கோபாலபுரத்திலிருந்து குதிரையோடு வந்திருந்த குதிரைக்காரரிடம் எந்த வழியாக வந்தீர்கள் என்று கேட்டேன்.

“ஏரி வழிதானுங்க. பாதியில நின்னுக்கிட்டு நவுர மாட்டேன்னுருச்சு. புது மாப்பிள்ளையாட்ட முறுக்கு.”

“பிரிவுல புல்லு கெடந்துச்சே, பாக்கலையா?”

“இது பாத்துச்சுங்க. ஒரே வாய்தான். காத்துல போகாம கல்லு வேற வெச்சிருந்தாங்க. நம்ம குதிரைக்குத்தான்னு நெனச்சனுங்க.”

மணி எட்டு ஐந்து. மேட்டு ரோட்டில் போனால் நேரமாகும். ஏரிப் பாதையில் சைக்கிளை விட்டேன்.

கல்லில் சக்கரம் ஏறும்போது சைக்கிள் மணி தானாக ஒலிக்கும். உள்ளங்கையால் அதை அழுத்திக்கொண்டேன். பாதி வழியில், நாணலுக்குள் இரண்டு முதுகுகள். ஒன்று சின்னது. பெரியது காதை ஆட்டுவதை நிறுத்தியது. நான் மிதிப்பதை நிறுத்தவில்லை. மனைவி உடுத்த எடுத்து வைத்திருந்தது மஞ்சள் சேலை. பாதையோரம் மஞ்சள் தெரிந்துவிடக் கூடாது என்று பார்த்துக்கொண்டே போனேன்.

பிரிவில் கல் மட்டும் கிடந்தது. வீடு பூட்டியிருந்தது. மேட்டு ரோட்டில் முதல் வளைவில், சிறு பாலத்தின் கட்டைச் சுவரில் உட்கார்ந்து அவள் குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

“ஆபீசுக்குப் போன மனுசன் எங்க இங்க வாறீக?”

“புல்லுதான் இல்லையே. எப்படி இந்த வழியில வந்த?”

“கல்லு கெடந்துச்சுல்ல. புல்ல ஆனையே தின்னுட்டுப் போயிருக்கும்னு நெனச்சேன்.”

குழந்தையை வாங்கக் கை நீட்டினேன்.

“இருக்கட்டும். புள்ள இன்னும் குடிச்சு முடிக்கல” என்றாள்.

டிஸ்பென்சரிக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி ஒன்பதரை. ஊசி போடுபவர் ஒன்பதுக்கே கிளம்பியிருந்தார்.